பார்சலில் வைத்த கடிதம்

கொழிஞ்சாம்பாறை,
ஞாயித்துக்கிழமை பொழுதோட

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பின பணம் வந்து சேர்ந்துச்சு. அப்பா போன்ல மெசேஜைப் பாத்துட்டு "பாப்பா போட்டுட்டா"ன்னு சொன்னார். அதுக்கு மேல அவரும் ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல. முன்னெல்லாம் பணம் வந்தா பின்னாலயே உன் குரல் வரும். இப்ப பணம் மட்டும் தனியா வருது. நான் கூப்பிட்டா "கால்ல இருக்கேன்மா, அப்பறம் பேசறேன்"ங்கறே. அந்த அப்பறம் வர்றதே இல்ல. அதனாலதான் உக்காந்து எழுதறேன். கடலை உருண்டை டப்பாவுக்கு அடியில இது இருக்கும். டப்பாவைத் திறக்காம அப்படியே ஹாஸ்டல் பிள்ளைகளுக்குத் தூக்கிக் குடுத்துடாதே.

ஊர்ல புதுசா ஒண்ணுமில்ல. ஆழியாத் தண்ணி இன்னும் வாய்க்காலுக்கு வரல, அப்பா அதுக்காக ஆபீஸ் ஆபீஸா நடக்கறார். அம்மாயிக்கு முட்டி வலி. பெரியப்பா வீட்டு சமாச்சாரம் அப்படியேதான் இருக்கு.

நான் எழுத வந்தது உன் இங்கிலீஷைப் பத்தி.

ஓண லீவுக்கு வந்தப்ப ராத்திரி மொட்டைமாடியில பேசிட்டு இருந்தியே, யார்கூடவோ போன்ல பேசறேன்னுதான் நெனச்சேன். துணி எடுக்க வந்தவ படியிலயே நின்னுட்டேன். "ஐ வுட் லைக் டு கிவ் அன் அப்டேட்." சொல்றே, நிறுத்தறே, மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கறே. பொள்ளாச்சி ஆபீஸ்ல அத்தனை வருஷம் இங்கிலீஷ் லெட்டர் அடிச்சவ சொல்றேன், அந்த வாக்கியத்துல ஒரு தப்பும் இல்ல. இலக்கணம் சரி, மரியாதை சரி. ஆனா எல்லா வார்த்தையையும் ஒரே எடையில வெச்சு ஒப்பிச்சே. நம்ம பேச்சு அப்படித்தான், ஒவ்வொரு அசைக்கும் அதது பங்கு கிடைச்சுடும். இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைக்கு ஒரு இடத்துலதான் அழுத்தம் விழும், மத்ததெல்லாம் பாதி விழுங்கின மாதிரி ஓடிப்போகும். டெவலப்மென்ட்னு சொல்றப்ப நடுவுல வர்ற ரெண்டாவது அசையில அழுத்தணும், காலண்டர்னா முதல் அசையில. அழுத்தம் இடம் மாறினா, எழுத்தெல்லாம் சரியா இருந்தாலும் கேக்கறவங்களுக்கு வேற ஏதோ வார்த்தை மாதிரி படும். அவங்க "சாரி?"ன்னு கேட்டா உனக்குத் தெரியலைன்னு அர்த்தம் இல்ல. நீ அதைத்தான் உடனே நெனச்சுக்கறே.

இங்கிலீஷ் மீடியத்துல போட்டிருக்கணும்னு அன்னைக்கு சொன்னே. அதுக்கு நான் பதில் சொல்லல, இப்ப சொல்றேன். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. கேரளாவுல இருந்துட்டே தமிழ்ல பாடம் படிச்சு, தமிழ்லயே எஸ்.எஸ்.எல்.சி. எழுத நம்ம சித்தூர் தாலுகாவுல வழி இருந்துச்சு, அதுல போட்டோம். ஒம்பதாவதுல கணக்கை நீ அம்மாயிக்கே விளக்கிச் சொன்னவ. புரிஞ்சு படிச்ச பிள்ளை. கொச்சி காக்கநாட்டுல வேலைக்கு எடுத்தவங்க உன் தலையைப் பாத்துத்தான் எடுத்தாங்க.

அப்பறம் உனக்கு ஒரு வசதி இருக்கு, நீ அதை மறந்துட்டே. சட்டைக்கு மேல போடற கோட்டையும், ஆட்டுக்கு இங்கிலீஷ்ல சொல்ற பேரையும் தமிழ்ல எழுதினா ரெண்டும் 'கோட்'தான். தமிழ் மட்டும் தெரிஞ்சவங்க அந்த வித்தியாசத்தைக் காதால பழகணும். மலையாளத்துல அந்த ஒரு க-வுக்கு நாலு எழுத்து, ப-வுக்கு நாலு, ட-வுக்கு நாலு. தொண்டை அதிர்றது தனி, காத்து சேந்து வர்றது தனி. காலேஜ்ல முதல் வருஷம் உன் மலையாளத்தைக் கேட்டு "பாண்டி"ன்னு கூப்பிட்டாங்கன்னு அழுதுட்டு வந்தே. அடுத்த வருஷமே அதே பிள்ளைகளோட அதே மலையாளத்துல சண்டை போட்டு ஜெயிச்சே. எந்தப் புஸ்தகத்தை வெச்சுப் படிச்சே? பஸ்ல பேசினே, கேன்டீன்ல பேசினே, தப்பா பேசினே, திருத்தினாங்க. அந்தக் காதும் நாக்கும் இப்பவும் உன்கிட்டதான் இருக்கு.

மலையாளம் உதவாத இடமும் இருக்கு. நமக்கும் சரி, அவங்களுக்கும் சரி, வ ஒண்ணுதான். இங்கிலீஷ்ல ரெண்டு. 'வெண்டர்'னு சொல்ல மேல்பல்லு கீழுதட்டுல படணும். 'வீக்'னு வாரத்தைச் சொல்ல உதட்டைக் குவிக்கணும், பல்லு படக்கூடாது. கண்ணாடி முன்னால நின்னு பாரு, காதை விட கண்ணுக்கு சீக்கிரம் புரியும். பே, டைம், கால் மாதிரி வார்த்தையோட முதல் எழுத்துல கொஞ்சம் காத்து வெளிய வரணும். வாய்க்கு நேரா ஒரு பேப்பர் துண்டைப் பிடிச்சா அது ஆடணும். வொர்க்கெட், ஆஸ்கெட்னு சொல்லாதே. வொர்க்ட், ஆஸ்க்ட்னு கடைசியில ஒட்டி முடிஞ்சுடும். வார்த்தையே ட-லயோ அந்த அதிர்ற ட-லயோ முடிஞ்சாத்தான் தனியா ஒரு அசை வரும், ஸ்டார்டெட் மாதிரி.

எண்ணு சொல்றப்பதான் ரொம்ப கவனம். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போன்ல ஒண்ணாவே கேக்கும். பதினஞ்சுன்னா பின்பாதியை அழுத்தி நீட்டணும், அம்பதுன்னா முன்பாதியை அழுத்தி பின்னால குட்டையா முடிக்கணும். சந்தேகம் வந்தா "ஒன் ஃபைவ்"னு பிரிச்சுச் சொல்லிடு, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. லட்சம், கோடியை வெளிநாட்டுக்காரங்ககிட்ட சொல்லாதே. பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன். தேதியை 04/05னு எழுதாதே. அமெரிக்காக்காரங்க அதை ஏப்ரல் 5னு படிப்பாங்க, இங்கிலாந்துல மே 4னு படிப்பாங்க. மாசத்தோட பேரை எழுத்துல எழுதிடு. இது நான் கையால அடிச்சுப் பழகினது, நம்பு.

எங்க ஆபீஸ்ல தென்னை நார்த்தூள் கட்டி ஏத்துமதி. அஞ்சு கிலோ கட்டி. நெதர்லாந்துல இருந்தும் கொரியாவுல இருந்தும் மெயில் வரும். அவங்களுக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்ல. மூணு வரி எழுதுவாங்க. எத்தனை கன்டெய்னர், உப்புச்சத்து ஈ.சி. எவ்வளவு, எப்ப லோடிங். பாதி இடத்துல the-ங்கற 'த' இருக்காது, கிரியா வடிவம் தப்பா இருக்கும். சரக்கு மட்டும் குறிச்ச தேதிக்குக் கப்பல் ஏறிடும். எங்க மேனேஜர் ஒரு பக்கம் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன், கடைசியில "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்", வேண்டியதைச் செய்யுங்கன்னு முடிப்பார். அங்க இருந்து ஒரே வார்த்தையில பதில் வரும், எப்பன்னு கேட்டு. டைப்ரைட்டிங் ஹையர், நிமிஷத்துக்கு 45 வார்த்தை, பாஸ் பண்ணினவ நான். அத்தனை வேகமா அடிச்ச பக்கத்துல அவங்களுக்கு வேண்டிய ஒரு தேதி இல்லாம போயிருக்கு. அதனால நீட்ஃபுல்னு எழுதாதே. யார் என்ன செய்யணும், எந்த நாளுக்குள்ளன்னு எழுது. தேதியை முன்னுக்குக் கொண்டு வர்றதுக்கு நாம சொல்ற ப்ரீபோன் நம்ம நாட்டு வார்த்தை, வெளிய பலருக்குப் புரியாது. ரிவெர்ட்னா நமக்கு பதில் போடறது, அங்க பழைய நிலைக்குத் திரும்பறது. டிஸ்கஸ்க்குப் பின்னால அபவுட் வேண்டாம். "ஐ ஹேவ் சென்ட் இட் எஸ்டர்டே"ன்னு உன் மெயில்ல ஒரு தடவை பாத்தேன். நேத்துன்னு சொல்லிட்டா "ஐ சென்ட் இட்" போதும். நேத்தே அனுப்பியிருக்கேன்னு தமிழ்ல சொல்லலாம், அதான் நாக்குல வந்துடுது.

இதெல்லாம் எழுதறேன், ஆனா இதுல எதுவும் உன்னைப் பேச வெக்காதுன்னு எனக்குத் தெரியும். நீ வாயைத் திறக்கணும் அம்மிணி. தப்பா இருந்தாலும் திறக்கணும்.

எதிராளி பேசறப்ப நாம "ம்ம், ஆமா, ஆமா"ங்கறது கேட்டுட்டு இருக்கேன்னு காட்டறதுக்கு. நீ இங்கிலீஷ்லயும் "யெஸ், யெஸ்"னு சொல்லிட்டே போனா அவங்க ஒத்துக்கிட்டான்னு குறிச்சுக்குவாங்க. வெள்ளிக்கிழமை முடியும்னு நீ சொன்னதாவே ஆகிடும். அதுக்கு ஒரு வாக்கியம் போதும்: "ஐ அண்டர்ஸ்டாண்ட். லெட் மீ செக் அண்ட் கெட் பேக் டு யூ பை ஃபோர்." நேரம் சொல்றது முக்கியம், சொன்ன நேரத்துக்குப் பேசறது அதை விட முக்கியம். புரியலைன்னா "ஐ மிஸ்ட் தட், கேன் யூ சே இட் அகெய்ன்?" இதைக் கேக்கறதுல என்ன குறைஞ்சுடும்? அப்பவும் புரியலைன்னா புரிஞ்ச வரைக்கும் திருப்பிச் சொல்லு, "சோ யூ நீட் த ரிப்போர்ட் பை மண்டே, ரைட்?" தப்பா இருந்தா அவங்களே திருத்துவாங்க. பேசாம இருந்தா எப்படித் திருத்துவாங்க? முடியாததை முடியாதுன்னு சொல்லு. "வில் ட்ரை"ன்னு சொல்லிட்டு ராத்திரி முழுக்க முழிச்சு உக்காந்திருக்காதே.

சின்ன வயசுலயும் நீ இப்படித்தான். காய்ச்சல் வந்தாக்கூட சொல்ல மாட்டே, தொட்டுப் பாத்துத்தான் நான் கண்டுபிடிக்கணும். அதை அடக்கம்னு ஒறம்பரை எல்லாரும் மெச்சினாங்க. எனக்கு அது பயமாத்தான் இருந்துச்சு. இப்ப தொட்டுப் பாக்கற தூரத்துலயும் நீ இல்ல.

கேக்க வேண்டாம்னுதான் இவ்வளவு நேரம் சுத்திச் சுத்தி எழுதினேன். எனக்குத் தெரியும் கண்ணு. ரிவ்யூவுல கம்யூனிகேஷன் போதாதுன்னு சொன்னதும், லண்டன்காரங்களோட பேசற அந்த போன் காலில் இருந்து உன்னை எடுத்ததும் தெரியும். யார் சொன்னாங்கன்னு கேக்காதே, அந்தப் பொண்ணு உன் மேல இருக்கற அக்கறையிலதான் சொன்னா. அப்பாவுக்கு நான் சொல்லல. வேலை இருக்கா இல்லையான்னு கேட்டா நீ உடைஞ்சுடுவியோன்னு போனை எடுத்து எடுத்து வெச்சுட்டேன். அந்தப் பணத்தை நான் தொடல, பேங்க்ல அப்படியே இருக்கு. உனக்கு வேணும்னா ஒரு வார்த்தை சொல்லு, அன்னைக்கே திருப்பிப் போடறேன். வேலை இருந்தாலும் சரி, இல்லைன்னாலும் சரி, நீ வீட்டுக்கு வர்றதுக்கு அது ஒரு காரணம் ஆகாது. பாலக்காட்டுல இறங்கினா அப்பா வண்டி எடுத்துட்டு வருவார்.

வேலை இருக்குன்னா உன் லீடர்கிட்ட நேரா போய்ப் பேசு. முழுக் காலும் வேண்டாம், வாராவாரம் ஸ்டேட்டஸ் சொல்ற முதல் அஞ்சு நிமிஷம் மட்டும் குடுங்கன்னு கேளு. என்ன முடிஞ்சுது, எது நிக்குது, எப்ப முடியும், அவ்வளவுதான் அதுல வரும். எழுதி வெச்சுக்கோ, ஆனா வாக்கியமா எழுதாதே. எண்ணும் பேரும் தேதியும் மட்டும் எழுது. வாக்கியமா எழுதினா மறுபடியும் ஒப்பிச்சுடுவே.

கேம்பிரிட்ஜ் நடத்தற பிஸினஸ் இங்கிலீஷ் பரீட்சை மூணு படி இருக்கு, பிரிலிமினரி, வாண்டேஜ், ஹையர்னு. அதுல பேச்சுப் பரீட்சையை ரெண்டு பேரைச் சேத்து உக்கார வெச்சுத்தான் நடத்தறாங்க. ஒரு பரீட்சகர் பேசுவார், இன்னொருத்தர் பேசாம மார்க் மட்டும் போடுவார். ஒரு விஷயத்தை எடுத்து ஒரு நிமிஷம் போல தனியா பேசணும், அப்பறம் எதுத்தாப்புல இருக்கறவங்களோட சேந்து பேசணும். பரீட்சையே ஆளை வெச்சு நடத்தறப்ப நீ மொட்டைமாடியில தனியா பழகினா என்ன ஆகும்? உன் கேள்வியும் நீயே, பதிலும் நீயே. எதிர்ல இருந்து எதிர்பாக்காத கேள்வி வரணும், அப்பத்தான் நாக்கு பழகும்.

அதனால நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நீ எனக்கு போன் பண்ணறே. அப்பா நியூஸ் பாத்துட்டு இருப்பார், நான் பின்கட்டுக்கு வந்துடறேன். நான்தான் நெதர்லாந்துல இருந்து சரக்கு வாங்கறவ, நீ இந்தப் பக்கம் கம்பெனி. இங்கிலீஷ்ல மட்டும்தான் பேசணும். என் உச்சரிப்பு சரியா இருக்காது, ஆனா கேள்வி கேக்கத் தெரியும், அந்த மெயில் எல்லாம் என் கை வழியாத்தான் போச்சு. முதல் கேள்வியை இப்பவே சொல்லிடறேன். ரெண்டு கன்டெய்னர்ல ஒண்ணுதான் வந்திருக்கு, இன்னொண்ணு எங்க? ரெண்டாவது கேள்வியை அன்னைக்குத்தான் சொல்லுவேன்.

இப்படிக்கு,
அம்மா