இருபது வருஷப் படம் ஓடுகிறது, பத்து வருஷ கேம் ஓடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரீ-ரிலீஸ் படங்களைப் பற்றி நம் பத்திரிகைகள் எல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகின்றன, நானும் ஒன்று விடாமல் படிக்கிறேன். 2024 ஏப்ரல் 20 அன்று 'கில்லி' திரும்பவும் தியேட்டருக்கு வந்தது. 2004ஆம் வருஷப் படம், வசனம் எல்லாருக்கும் மனப்பாடம், டிவியில் எத்தனை தடவை போட்டார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது, அப்படியும் ஹவுஸ்ஃபுல். அதற்கு மூன்று வாரம் முன்னால், மார்ச் 31ஆம் தேதி, 'தி க்ரூ' என்ற கார் ரேஸ் கேமை யூபிசாஃப்ட் நிறுவனம் அடியோடு நிறுத்தியது. 2014 டிசம்பரில் வெளியான கேம், முழுசாகப் பத்து வருஷம்கூட ஆகவில்லை. எந்தத் தமிழ்ப் பத்திரிகையிலும் அதைப் பற்றி ஒரு வரி என் கண்ணில் படவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

கேம் ஆடாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அமெரிக்கா மொத்தத்தையும் சுருக்கி ஒரே மேப்பில் வைத்திருந்தார்கள். நியூயார்க்கில் வண்டியை எடுத்தால், நடுவில் லோடிங் என்று எங்கேயும் நிற்காமல், பனிமலை, பாலைவனம் எல்லாம் தாண்டி லாஸ் ஏஞ்சலஸ் வரை ஓட்டிக்கொண்டே போகலாம், முக்கால் மணி நேரம் போல ஆகும். ரேஸே வேண்டாம், ராத்திரி சும்மா ஹைவேயில் ஓட்டினால் போதும் என்று ஆடியவர்கள் நிறையப் பேர். தனி ஆளாக ஆடுவதற்கு ஒரு கதையும் இருந்தது. ஆனால் தனியாக ஆடினாலும் நெட் வேண்டும், யூபிசாஃப்டின் சர்வரோடு, அதாவது அவர்களுடைய மையக் கணினியோடு, பேசாமல் கேம் நகராது. அப்படித்தான் கட்டியிருந்தார்கள். சர்வரை நிறுத்தியதும், காசு கொடுத்து டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் முதல் திரையைத் தாண்டி எதுவும் வரவில்லை. அது போதாதென்று, கணக்கில் இருந்த உரிமத்தையும் பிடுங்கிவிட்டார்கள் என்று ஏப்ரலில் ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். கடைக்காரர் கடையை மூடினால் நம் வீட்டு மிக்ஸியும் நின்றுபோகும் என்றால் சும்மா இருப்போமா?

தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு டிவி கேம் ஞாபகம் இருக்கும். மஞ்சள் கலர் கேசட், மேலே '9999 இன் 1' என்று ஸ்டிக்கர், உள்ளே போனால் இருபது முப்பது கேம்தான், மீதி எல்லாம் அதே கான்ட்ரா, அதே மரியோ, வேற வேற பெயரில். படம் வரவில்லை என்றால் கேசட்டை எடுத்து வாயால் ஊதிவிட்டுத் திரும்பச் சொருகுவோம் (ஊதுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை, எச்சில் ஈரம் பட்டு உள்ளே இருக்கும் உலோகப் பின்கள் கெட்டுப்போவதுதான் மிச்சம், கழற்றி மாட்டுவதில்தான் சரியாகிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம்). பெரும்பாலும் டூப்ளிகேட் சரக்குதான், அதைப் பெருமையாகச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கேசட்டும் பெட்டியும் பரணில் பத்திரமாக இருந்தால் இன்றைக்கும் ஓடும், யாரிடமும் அனுமதி கேட்காது. 2014இல் முழு விலை கொடுத்து வாங்கிய ஒரிஜினல் டிஸ்க் ஓடாது. இதை எப்படி முன்னேற்றம் என்று சொல்வது எனக்குப் புரியவில்லை.

நிறுவனங்கள் பக்கமும் நியாயம் கொஞ்சம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. சர்வர் நடத்தக் காசு ஆகும். நிஜக் கார்களையும் நிஜப் பாடல்களையும் கேமில் வைத்தால் அதற்கெல்லாம் ஒப்பந்தம் உண்டு, ஒப்பந்தம் முடிந்தால் விற்க முடியாது. ஆனால் விற்பதை நிறுத்துவது வேறு, விற்றதைச் செல்லாமல் ஆக்குவது வேறு. 'ஃபோர்ஸா ஹொரைசன் 4' என்ற கேமும் கார் ரேஸ்தான், 2018இல் வந்தது. இதே ஒப்பந்தப் பிரச்சினையால் 2024 டிசம்பர் 15ஆம் தேதியோடு அதன் விற்பனையை நிறுத்தினார்கள், ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து ஆடலாம் என்று விட்டுவிட்டார்கள். 'நாக்அவுட் சிட்டி' என்று ஒரு பந்தெறி கேம், முழுக்க முழுக்க ஆன்லைனில் ஆடுவது. 2023 ஜூனில் சர்வரை மூடும்போது, ஆட்டக்காரர்களே சொந்தமாக சர்வர் போட்டு ஆடிக்கொள்ளும்படி கணினிப் பதிப்பு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கேமை நடத்தியது ஒன்றும் பிரம்மாண்டமான நிறுவனம் இல்லை. மனசு இருந்தது, செய்தார்கள். சோனி வெளியிட்ட 'கன்கார்ட்' கதை இன்னும் விசித்திரம்: 2024 ஆகஸ்ட் 23இல் வந்தது, செப்டம்பர் 6இல் மூடிவிட்டார்கள், இரண்டே வாரம். பல வருஷ உழைப்பு இரண்டு வாரத்தில் காணாமல் போனது, ஆனால் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

தி க்ரூ விஷயத்தில் கோபப்பட்ட ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 2024 ஏப்ரலில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்று ஓர் இயக்கத்தை ஆரம்பித்தார். சர்வரைக் காலம் முழுக்க நடத்துங்கள் என்று அவர்கள் கேட்கவே இல்லை, எதிர்ப்பவர்கள் பாதிப் பேர் அப்படி நினைத்துக்கொண்டுதான் சண்டைக்கு வருகிறார்கள். மூடுங்கள், ஆனால் மூடும்போது கேமை எப்படியாவது ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள், அவ்வளவுதான் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்காகத் தொடங்கிய மக்கள் மனுவுக்குப் பத்து லட்சம் கையெழுத்து வேண்டும், 2025 ஜூலை 31 கெடு. ரொம்ப நாள் இழுத்துக்கொண்டே இருந்து, கடைசியில் ஜூலை முதல் வாரத்தில் பத்து லட்சத்தைத் தாண்டியது. யூபிசாஃப்டும் சும்மா இருக்க முடியவில்லை, அடுத்த பாகங்களான 'தி க்ரூ 2'க்கும் 'மோட்டார்ஃபெஸ்ட்'டுக்கும் நெட் இல்லாமல் ஆடும் வசதி தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. முதல் பாகத்துக்கு மட்டும் இல்லையாம். அதை ரசிகர்களே உட்கார்ந்து, மாற்று சர்வர் எழுதி, திரும்ப ஓட வைத்திருக்கிறார்கள்.

கேம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில், டிஸ்கவரி நிகழ்ச்சிகளைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த பிளேஸ்டேஷன் வாடிக்கையாளர்களுக்கு, வருஷக் கடைசியோடு அதெல்லாம் உங்கள் கணக்கிலிருந்து போய்விடும் என்று சோனி அறிவிப்பு அனுப்பியது. மாதச் சந்தாவில் பார்த்தவை அல்ல, தனித்தனியாக விலைக்கு வாங்கியவை. பெரிய கூச்சல் கிளம்பியதும் அந்த மாதமே முடிவை நிறுத்திவைத்தார்கள். கலிஃபோர்னியாவில் இதற்கென்றே ஒரு சட்டம் 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது, டிஜிட்டலாக விற்பவர்கள் 'இது உங்களுக்குச் சொந்தமில்லை, உரிமம்தான்' என்று வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கும்போது கடைசியில் பொடி எழுத்தில் வரும் ஒரு வரி அதுதான். நாம் படிக்காமலே அழுத்திவிட்டுப் போகிறோம்.

இதெல்லாம் பொழுதுபோக்குத்தானே, போனால் போகட்டும் என்று சிலர் சொல்வார்கள். முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்', 1931. அதன் பிரதி இன்று எங்கேயும் இல்லை. அதற்கு முன்னால் நடராஜ முதலியார் எடுத்த மௌனப் படமும் இல்லை. அப்போதும் இப்படித்தான் யாரோ பொழுதுபோக்குத்தானே என்றிருப்பார்கள், இப்போது ஆராய்ச்சியாளர்கள் பாட்டுப் புத்தகத்தையும் பழைய விளம்பரத்தையும் வைத்துப் படம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது: அங்கே 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. பழைய கேம்களின் கதியே இது. அவற்றுக்காவது கேசட்டும் டிஸ்க்கும் யாராவது சேகரிப்பாளர் வீட்டில் இருக்கும். சர்வரில் பாதி உயிரை வைத்திருக்கும் இன்றைய கேம்களுக்குப் பரணும் கிடையாது.

இங்கே உங்கள் பத்திரிகை மீது ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். கேம் பற்றிச் செய்தி வருவதே இரண்டு சமயத்தில்தான். ஒன்று, பையன்கள் போனும் கையுமாகக் கெட்டுப்போகிறார்கள் என்று. இன்னொன்று, ஆன்லைன் ரம்மி. ரம்மியில் பணம் போய்க் குடும்பங்கள் நாசமானது உண்மை, அதைத் தடை செய்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஆனால் ரம்மி செய்திக்குப் பக்கத்தில் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் சின்னப் பையன் படத்தை ஏன் சார் போடுகிறீர்கள்? அந்தப் பையன் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருக்கிறான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் பெரியவர்கள் என்னிடம், 'நீ எவ்வளவு விட்ட?' என்று கேட்கிறார்கள்.

சினிமாவுக்கு நாலு பக்கம் ஒதுக்குகிறீர்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கும் டீசர் செய்தியெல்லாம் படிக்கப் பிடிக்கும். அதில் வாரம் ஒரு கால் பக்கம் கேமுக்குக் கொடுங்கள். புதுசாக ஒரு பிளேஸ்டேஷன் கேம் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறது. அந்தக் காசுக்கு ஒரு குடும்பமே சில படம் பார்த்துவிட்டு பாப்கார்னும் சாப்பிடலாம். பிள்ளை கேட்கிறானே என்று வாங்கிக் கொடுக்கும் அப்பா அம்மாவுக்கு ஸ்டார் மதிப்பீடு எல்லாம் அப்புறம். எந்த வயசுக்கு, எத்தனை ஜிபி, வாங்கிய பிறகும் உள்ளே காசு கேட்குமா, நெட் இல்லாவிட்டால் ஓடுமா, இவ்வளவும் விமர்சனத்துக்குக் கீழே ஒரு கட்டத்தில் போட்டால் போதும். எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், நான் இருக்கிறேன். சம்பளம்கூட வேண்டாம், கேமை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், டிஸ்க்காக.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
மதுரை