பூர்வீகம் தெரியாதவர் எந்தக் கட்டத்தில் குறியிடுவது?

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும், மருத்துவம், கல்வி, வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்கும் படிவம் வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கைக்குழந்தையாக இருக்கும்போதே தத்துக் கொடுக்கப்பட்டவன் நான். என்னைப் பற்றிய கோப்பில் பெற்ற தாயின் வயது எழுதப்பட்டிருக்கிறது. தந்தை என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருக்கிறது. "உங்கள் இனம் எது?" என்று உங்கள் படிவம் கேட்கும்போதெல்லாம் அந்தக் கோடுதான் என் நினைவுக்கு வருகிறது. ஒருமுறை அந்தக் கேள்விக்கு விடை எழுதாமல் படிவத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்ட எழுத்தர் என் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுத் தாமே ஒரு கட்டத்தில் குறியிட்டார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. காலியாக விடக்கூடாது என்பது அவருக்கு இடப்பட்ட உத்தரவாக இருந்திருக்கலாம்.

இனத்தைப் பற்றிக் கேட்கவே கூடாது என்று வாதிடுவதற்காக இதை எழுதவில்லை. யாருக்கு வேலை மறுக்கப்படுகிறது, யாருடைய குழந்தைகள் அதிகம் இறக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்காமல் பாகுபாட்டை நிரூபிக்க முடியாது என்பதை ஏற்கிறேன். கேட்கப்படும் கேள்வி ஒன்றாகத் தோன்றினாலும் அதற்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன என்பதே என் முறையீடு. என் முன்னோர் யார் என்பது ஒன்று. பிறர் என்னை யாராகப் பார்த்து நடத்துகிறார்கள் என்பது இன்னொன்று. நான் யாரோடு சேர்ந்தவனாக என்னை உணர்கிறேன் என்பது மூன்றாவது. பெரும்பாலானோருக்கு இம்மூன்றுக்கும் விடை ஒன்றே என்பதால் படிவத்தின் விரிசல் அவர்கள் கண்ணில் படுவதில்லை. என்னைப் போன்றவர்களுக்கோ முதல் கேள்விக்கு விடை தெரியாது, இரண்டாவதற்கு ஆளுக்கு ஆள் விடை மாறும், மூன்றாவதற்கு மட்டுமே உறுதியாகப் பதில் சொல்ல முடியும். (தமிழில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல்: நிறத்தையும் மொழியையும் நாட்டையும் 'இனம்' என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம்.)

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் உரிமை நெடுங்காலம் கேட்கப்பட்டவரிடம் இருக்கவில்லை. அமெரிக்காவில் 1960 வரை கணக்கெடுப்பாளர்தான் பெரும்பாலும் ஆளைப் பார்த்து இனத்தை எழுதினார். கறுப்பின முன்னோரின் பங்கு எவ்வளவு சிறிதானாலும் அந்த நபரைக் கறுப்பினத்தவர் என்றே பதிய வேண்டும் என்று 1930ஆம் ஆண்டின் கணக்கெடுப்புக்கான அறிவுறுத்தல் கூறியது. தென்னாப்பிரிக்காவில் 1950இல் வந்த மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனப்பிரிவில் அடைத்தது. ஐயம் எழுந்த இடங்களில் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா, சுருள்முடியில் சிக்கி நிற்கிறதா என்று பார்த்தும் முடிவு செய்தார்கள். ஒரே குடும்பத்தினர் வெவ்வேறு பிரிவுகளில் வைக்கப்பட்டதும் நடந்தது. அந்தச் சட்டம் 1991இல்தான் நீக்கப்பட்டது. எழுத்தர் என் முகத்தைப் பார்த்த அந்த ஒரு நொடியில் எனக்கு அந்தப் பென்சில்தான் நினைவுக்கு வந்தது. மிகையான ஒப்பீடுதான், ஆனாலும் வந்தது.

விடை சொல்லும் உரிமை கைக்கு வந்த பிறகும் கேட்கும் விதம் விடையை மாற்றிவிடுகிறது. அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கும் வசதி 2000ஆம் ஆண்டில்தான் வந்தது. அப்படிக் குறித்தவர்களின் எண்ணிக்கை 2010இல் சுமார் 90 லட்சமாக இருந்து 2020இல் 3 கோடியே 38 லட்சமாக உயர்ந்தது. பத்தே ஆண்டுகளில் அத்தனை கலப்புக் குழந்தைகள் பிறந்துவிடவில்லை. கேள்வியை வடிவமைத்த விதமும் விடைகளைத் தொகுத்த விதமும் மாறியது இதற்கு முக்கியமான காரணம் என்று கணக்கெடுப்புத் துறையே விளக்கியது. விடையில்லாமல் விடப்பட்ட இடத்தை அதே வீட்டிலிருப்பவர்களின் விடையைக் கொண்டோ, அருகிலுள்ள வீட்டின் விடையைக் கொண்டோ நிரப்பும் முறையும் அங்கே உண்டு. புள்ளியியலுக்கு அது பொருத்தமான முறையாக இருக்கலாம். என்னைப் பொறுத்தவரை, யாரென்று தெரியாத தந்தையின் இடத்தில் அண்டை வீட்டுக்காரரை உட்கார வைப்பதாகவே அது படுகிறது.

"டி.என்.ஏ. பரிசோதனை செய்துகொள்ளலாமே" என்று எல்லோரும் சொல்வார்கள். செய்துகொண்டேன். அது தரும் விழுக்காடுகள் முன்னோரின் பதிவேடு அல்ல. இன்று வாழும் சில குழுக்களின் மாதிரிகளோடு என் மரபணுவை ஒப்பிட்டுச் செய்த மதிப்பீடு. மாதிரித் தொகுப்பு விரிவடையும்போது விழுக்காடும் மாறுகிறது. பத்துத் தலைமுறை பின்னால் சென்றால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் இருக்கின்றன. அவர்களில் பலருடைய மரபணுவில் ஒரு துண்டுகூட நம் உடலில் மிஞ்சியிருக்காது. அந்த அறிக்கையால் ஓர் ஒன்றுவிட்ட உறவினரைக் கண்டுபிடித்துத் தர முடியும். எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்று சொல்ல முடியாது. பதினொரு விழுக்காடு என்று அது காட்டிய ஒரு மக்கள் கூட்டத்தின் மொழியோ துயரமோ என்னிடம் இல்லாதபோது, அவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தை நான் எடுத்துக்கொள்வது முறையாகாது என்றே கருதுகிறேன்.

மருத்துவப் படிவங்களை வகுப்போருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இரத்தத்திலுள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவைக் கொண்டு கணிக்க 2009இல் வெளிவந்த சூத்திரம், கறுப்பினத்தவர் என்று பதியப்பட்டால் விடையை ஏறக்குறைய 16 விழுக்காடு உயர்த்திக் காட்டியது. அதாவது ஒரே இரத்தம், ஒரே வயது, குறியிட்ட கட்டம் மட்டும் வேறு. ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதடைந்துவருகிறது என்றும் மற்றவருக்கு இன்னும் கவலையில்லை என்றும் முடிவு வரலாம். இனத்தைச் சேர்க்காத சூத்திரம் 2021இல் வந்தது. அதற்கு முன்பு என் போன்றவர்கள் படிவத்தில் இட்ட குறி ஓர் ஊகம். அந்த ஊகத்தின் மேல்தான் சிகிச்சை நின்றது.

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். நதிக்கும் முனிவருக்கும் தரப்பட்ட அந்தச் சலுகையை நான் கேட்கவில்லை. என் மூலம் எதுவென்று அறிய எவரையும்விட எனக்கே ஆசை அதிகம். நான் கேட்பது வேறு: 'தெரியாது' என்பதையும் ஒரு விடையாக ஏற்றுக்கொண்டு, 'சொல்ல விரும்பவில்லை', 'பிற' ஆகியவற்றிலிருந்து பிரித்து அதற்கென ஒரு கட்டம் வையுங்கள். சொல்ல மறுப்பவருக்கும் சொல்லத் தெரியாதவருக்கும் வேறுபாடு உண்டு. ஒரு பக்கத்து முன்னோரை மட்டும் அறிந்தவர்கள் அதைக் குறித்துவிட்டு மறுபக்கம் தெரியாது என்று எழுதவும் வழி இருக்கட்டும். பாகுபாட்டை அளப்பதுதான் நோக்கமென்றால், முன்னோரைப் பற்றிக் கேட்பதோடு நிறுத்தாமல், "பிறர் உங்களைப் பெரும்பாலும் எந்த இனத்தவராகக் கருதுகிறார்கள்?" என்று தனியாகக் கேளுங்கள், கடைக்காரரும் காவலரும் என் கோப்பைப் படித்துவிட்டு என்னை நடத்துவதில்லை. சென்ற முறை எழுதியதை இம்முறை ஒருவர் மாற்றி எழுதினால் அதைப் பொய்யெனக் கருதாதீர்கள், ஏனெனில் இடைப்பட்ட காலத்தில் அவருக்கு ஒரு கடிதமோ ஓர் அத்தையோ கிடைத்திருக்கலாம். காலியாக விட்ட இடத்தை நிரப்பும் அதிகாரம் எழுத்தருக்கு இல்லை என்பதையும் அறிவுறுத்தலில் ஒரு வரியாகச் சேருங்கள்.

இந்த மடலுக்குப் பதில் அனுப்ப விரும்பினால் அதற்கும் ஒரு படிவம் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். நிரப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
தந்தை பெயருக்கு நேராகக் கோடு உள்ள ஒரு விண்ணப்பதாரர்