அறிகுறி போய்விட்டாலும் அவசரம் போகவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மூளை நலக் கட்டுரையில் தலைவலி, தலைசுற்றல், மரத்துப்போதல், கைநடுக்கம் எல்லாம் வரிசையாக இருந்தன. எதற்கு உடனே ஓட வேண்டும், எதற்குப் பொறுக்கலாம் என்பதுதான் இல்லை. என்ன செய்கிறது என்பதைப் போலவே, எப்படித் தொடங்கியது என்பதும் நரம்பியலில் முக்கியம். நொடியில் வந்ததா, மாதக்கணக்கில் மெல்ல வந்ததா?

நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென நாக்கு குழறுகிறது. சட்டைப் பொத்தானைப் பிடிக்க வலது கை விரல்கள் வரவில்லை. கால் மணி நேரத்தில் எல்லாம் பழையபடி. "அசதியாக இருக்கும், படுங்கள்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். மினி ஸ்ட்ரோக் என்பது இதுதான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டி தானாகக் கரைந்துவிட்டது, அவ்வளவே. முழு பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த 2 நாட்களில்தான் மிக அதிகம். சரியாகிவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அறிகுறி போகாமல் நின்றால் கடிகாரத்தைப் பாருங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து அது கணக்கு. தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், படுக்கப் போன நேரத்தைத்தான் மருத்துவர் கேட்பார்.

இன்னொரு பக்கம், கட்டுரையைப் படித்து வீணாகப் பயந்தவர்களும் இருப்பார்கள். இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. படுக்கையில் புரளும்போது அறையே அரை நிமிடம் சுற்றி நின்றால், உள்காதில் இருக்கும் நுண்துகள்கள் இடம் மாறியிருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பியே மருத்துவர் அதைச் சரிசெய்துவிடுவார். ஆனால் சுற்றலோடு பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ நிற்கவே முடியாவிட்டாலோ கதை வேறு. அப்புறம், தலைவலிக்கு மாதத்தில் பாதி நாள் மாத்திரை போடுபவர்களுக்கு, மாதக்கணக்கில் அது தொடர்ந்தால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம். இதையும் கட்டுரை சொல்லவில்லை.

ஞாபகசக்திப் பயிற்சிக்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். தினமும் குறுக்கெழுத்துப் போடும் எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் பக்கவாதத்துக்கு நம்மால் கட்டுப்படுத்தக்கூடிய முதல் காரணமான ரத்த அழுத்தத்துக்கு ஒரே ஒரு வரி! அது பல வருடம் எந்த அறிகுறியும் காட்டாது, அளந்தால்தான் தெரியும். அடுத்த இதழிலாவது அதற்கு அந்த அரைப் பக்கத்தைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்