எங்கள் கொறங்காட்டை மீட்டுத் தந்தவர்களுக்கு

மூலனூர்ப் பக்கத்துச் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நேற்றுக் காலையில் படலைத் திறந்து காட்டுக்குள் போனேன். முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் 6 ஏக்கரில் 4 ஏக்கர் தாத்தா காலத்துக் கொறங்காடு. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரங்கள், அடியில் புல். ஆடு மாட்டுக்கென்றே விட்டுவைத்த மேய்ச்சல் காடு அது. வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெய்யும் பூமியில் காங்கேயம் மாடுகளை வளர்த்தது இந்தக் காடுகள்தான். அதை நாங்களே உழுது மக்காச்சோளம் போட்டோம். 2016இல் தமிழ்நாடு முழுக்க வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. போர்வெல் வற்றியது, மாட்டுக்குச் சோளத்தட்டு வாங்கக் காசில்லை, இரண்டு மாடுகளை விற்றோம். அம்மா இன்றைக்கும் அந்த நாளைப் பற்றிப் பேச மாட்டார்.

மேற்குத் தோட்டத்துப் பெரியப்பா, முதல் நன்றி உங்களுக்கு. கொறங்காட்டை மறுபடி உருவாக்க நினைத்து, புல்லைப் பற்றிக் கேட்க வந்த என்னிடம், முதலில் வேலியைக் கட்டு என்றீர்கள். சித்திரையில் இலையில்லாமல் நின்ற உங்கள் வேலியிலிருந்தே 1,600 கிளுவைப் போத்து (ஊன்றி வளர்க்கும் கிளை) வெட்டிக் கொடுத்தீர்கள். ஒரு ரூபாய் வாங்கவில்லை. வெயிலில் என்னோடு நின்று அடிக்கு ஒன்றாக ஊன்றவும் செய்தீர்கள்.

பட்டிக்கார அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. வைகாசியில் 40 ராத்திரி இடம் மாற்றி மாற்றிச் செம்மறிப் பட்டி போட்டீர்கள். எருவுக்காகத்தான் கூப்பிட்டேன். ஆனால் உங்கள் ஆடுகள் பகலெல்லாம் வெள்வேலங்காய் தின்றுவிட்டு வந்திருந்தன. வயிற்றுக்குள் போய் வந்த விதை, தோல் இளகி, மழை விழுந்ததும் பட்டி போட்ட இடமெல்லாம் முளைத்தது. இன்று காட்டில் நிற்கும் வெள்வேலங்கன்றுகளில் ஒன்றுகூட நான் நட்டதில்லை. அப்புறம், புல் வேர்பிடிக்கட்டும் என்று ஒரு வருஷம் முழுக்க இந்தப் பக்கம் ஆட்டைத் திருப்பாமல் சுற்றிப் போனீர்களே, அது சின்ன உதவியா?

முதல் வருஷம் புல் விதையை உருவிய கையோடு விதைத்தேன். முளைக்கவே இல்லை. வடக்குத் தெரு ஆத்தாதான் காரணம் சொன்னார்: "பச்ச வெதய வெதச்சா எப்படிச் சாமி மொளைக்கும்? ஒரு வருசம் ஆறோணும்." சொன்னதோடு விடாமல், பரணில் வைத்திருந்த பழைய விதையை மூட்டையோடு கொடுத்தார். பஞ்சு மாதிரி இருக்கும் விதை காற்றில் பறக்காமலிருக்க ஈர எருவில் பிசறித் தூவச் சொன்னார், மேலே முள்கிளையை இழுத்தால் போதும், ஆழமாகப் போனால் வராது என்றார். புரட்டாசியில் அப்படியே செய்தோம். ஐப்பசி மழைக்குக் காடு பச்சையானது. ஆத்தா, உங்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமம். இந்தப் பத்தியை நானே வந்து வாசித்துக் காட்டுகிறேன்.

சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போட்டுக் கொடுத்த அக்காமார்களுக்கும், காட்டை நான்காகப் பிரித்து ஒவ்வொன்றாக மேய்க்கச் சொன்ன கால்நடை மருத்துவருக்கும், மீதி 2 ஏக்கரில் முருங்கைக்கு நடுவே துவரையும் கொள்ளும் போட விதை தந்த நண்பருக்கும் நன்றி.

மச்சான், வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, நீங்கள் விட்ட கிடாரி கன்று போட்டிருக்கிறது. கன்று செவலையாகப் பிறந்தது, இப்போது மெல்லச் சாம்பல் நிறம் ஏறுகிறது. அம்மா தினமும் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

போன வருஷம் உருவிய விதை மூன்று மூட்டை ஆறிக் கிடக்கிறது. கொறங்காடு போட நினைப்பவர்கள் புரட்டாசிக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கிளுவைப் போத்துக்குச் சித்திரையில் வாருங்கள்.