பிரிக்காத கவர்

அன்பு மகனுக்கு,

போன வாரம் வீடியோவில் பேசும்போது உன் அறையைப் பார்த்தேன். புத்தகங்கள் உயரவாரியாக அடுக்கியிருந்தன. சன்னல் கண்ணாடி பளிச்சென்றிருந்தது. கட்டிலில் போர்வை மடித்து வைத்திருந்தது. 26 வருடமாக உன்னைப் பார்க்கிறேன், நீ போர்வை மடித்து நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்கு என்னவோ போலாகிவிட்டது. பேச்சின் நடுவே, மேசைமேல் கவிழ்ந்து கிடந்த உன் போன் இரண்டு முறை அதிர்ந்தது. நீ எடுத்துப் பார்க்கவில்லை. விரல் நுனியால் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாய். அந்த விரலை எனக்கு நன்றாகத் தெரியும். அது என்னிடமிருந்து உனக்கு வந்தது.

மூன்று முறை கேட்டும் "ஒன்றுமில்லை" என்றாய். நான்காவது முறைதான் வாயைத் திறந்தாய். உன் ஆய்வு வழிகாட்டி அனுப்பிய மெயில் ஆறு வாரமாகத் திறக்காமல் கிடக்கிறது, அதற்குப் பிறகு வந்த இரண்டையும் நீ தொடவில்லை. எல்லாம் சொல்லிவிட்டு, "நான் ஒரு சோம்பேறி, அம்மா" என்று முடித்தாய். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று ஓட்டிவிடுவாய்.

சோம்பேறி சன்னல் துடைக்க மாட்டானடா.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன், உன் கடைசி வருடத் தேர்வு நடந்துகொண்டிருந்த சமயம், எனக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை செய்தார்கள். முடிவு தபாலில் வந்தது. கவரைக் கையில் வாங்கி, உள்ளே ஒரு தாளா இரண்டு தாளா என்று தடவிப் பார்த்தேன். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தும் பார்த்தேன். பிறகு தையல் மெஷின் இழுப்பறையில், பாபின் டப்பாவுக்கு அடியில் வைத்து மூடினேன். மூடியதும் உடம்பு எவ்வளவு லேசானது தெரியுமா? நாளைக்குப் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வர 11 நாள் ஆனது.

அந்த 11 நாளும் நம் வீடு உன் அறையைப்போலவே மின்னியது. பரணை ஒழித்தேன். பழைய பில்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். ஆனால் தலையணை உறை ஒன்று கிழிந்து கிடந்தது, அதைத் தைக்க மெஷின் பக்கம் போகவில்லை. முதலில் கவரைத்தான் தவிர்த்தேன். பிறகு இழுப்பறையை, பிறகு மெஷினை, கடைசியில் அந்த அறைக்குள் போவதையே தவிர்த்தேன். உன் கதையும் இதே வழியில்தான் போகிறது. முதலில் ஒரு மெயில், பிறகு மெயில் பெட்டி, இப்போது போனே கவிழ்ந்து கிடக்கிறது. என் அழைப்பையும் இரண்டு நாள் எடுக்கவில்லையே, அதை நான் கணக்கில் சேர்க்கலாமா?

12ஆம் நாள் உன் அப்பா ஊசி தேடி அந்த இழுப்பறையைத் திறந்தார். கவரைப் பிரித்தால், இரண்டு வாரத்துக்குள் மறு பரிசோதனைக்கு வரும்படி ஒரே ஒரு வரி. மிச்சமிருந்தது இரண்டு நாள். அடித்துப் பிடித்து ஓடினோம். பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் முடிவு வந்தது. வேறு மாதிரியும் வந்திருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் நூலகத்திலிருந்து மனோதத்துவப் புத்தகங்களாக எடுத்து வர ஆரம்பித்தேன். உன் அப்பாவுக்கு அது இன்றைக்கும் கேலிதான். ஆனால் எனக்கு நடந்ததற்கு அங்கே ஒரு விளக்கம் கிடைத்தது. ஹோபார்ட் மவ்ரர் என்பவர் 1947இல் சொன்னது: பயம் ஒருமுறை ஒட்டிக்கொண்ட பிறகு, அதைக் காப்பாற்றி வைத்திருப்பது நாம் விலகி ஓடும்போது கிடைக்கும் நிம்மதிதான். இழுப்பறையை மூடும்போது உடம்பு லேசானது என்றேனே, அதுதான் அந்த நிம்மதி. ஒவ்வொரு முறை மூடும்போதும், 'பார்த்தாயா, விலகியதால்தான் தப்பித்தாய்' என்று மனம் தனக்குத் தானே பாடம் சொல்லிக்கொள்கிறது. கவருக்குள் என்ன இருக்கிறது என்று கற்றுக்கொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று சிரிக்கிறோம். அந்தப் பூனைக்கு அந்த நிமிடம் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை.

தள்ளிப்போடுவதைப் பற்றி ஃபுஷியா சிரோயிசும் திமோதி பிச்சிலும் 2013இல் எழுதியதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. நேரத்தைத் திட்டமிடத் தெரியாததைவிட, அந்த வேலை கிளப்பும் கசப்பை இப்போதைக்குத் தள்ளி வைக்கும் ஆசையே முக்கியக் காரணம் என்கிறார்கள். அதனால் புது டைரி, புது அட்டவணை என்று எதையும் வாங்கி வைத்துக்கொள்ளாதே. உனக்கு நேரம் தாராளமாக இருக்கிறது. சன்னலைப் பார்த்தாலே தெரிகிறது.

"அதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்" என்றும் சொன்னாய். டேனியல் வெக்னர் 1987இல் மாணவர்களை உட்கார வைத்து, ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைவு வந்தால் மணியடிக்க வேண்டும் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, இனி நினைக்கலாம் என்றதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. நீ ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொள்வதாகச் சொன்னாயே, அது உன் வெள்ளைக் கரடி.

எனக்குப் பிடித்தது இன்னொரு கதை. மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் எழுதியது. பீட்டர் என்று மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தைக்கு முயலைக் கண்டால் பயம். பஞ்சு, இறகு, ரோமக் கோட்டு என்று அதைப்போல இருக்கும் எல்லாவற்றுக்கும் பயம் பரவியிருந்தது. (என் தையல் மெஷின் நினைவுக்கு வருகிறதா?) முயலோடு பயமில்லாமல் விளையாடும் குழந்தைகளுக்கு நடுவே அவனை விட்டார்கள். கொஞ்சம் தேறினான். அப்புறம் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வெளியே வரும்போது ஒரு பெரிய நாய் பாய, பயம் பழையபடி ஒட்டிக்கொண்டது. ஜோன்ஸ் சலித்துக்கொள்ளவில்லை. அவனை நாற்காலியில் உட்கார வைத்துப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்து, கூண்டிலிருந்த முயலை அவன் சாப்பாடு கெடாத தூரத்தில் வைத்தார். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கியது. கடைசியில் முயல் அவன் விரலைக் கொறித்தது, அவன் கையை இழுக்கவில்லை.

நீயும் அப்படித்தான் நெருங்க வேண்டும். இன்றைக்குப் போனை நிமிர்த்தி மட்டும் வை. நாளைக்கு மெயில் பெட்டியைத் திறந்து தலைப்புகளை மட்டும் படித்துவிட்டு மூடு. நெஞ்சு படபடக்கும். படபடக்கட்டும், அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டிரு. பாதியில் ஓடினால் மறுபடியும் ஓட்டத்துக்குத்தான் பரிசு கிடைக்கும். பதில் எழுதும்போது இரண்டே வரி போதும். தாமதத்துக்கு வருந்துகிறேன், இந்தத் தேதிக்குள் திருத்தி அனுப்புகிறேன். நீண்ட மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தால் அதற்கே மூன்று வாரம் போய்விடும், உன்னை எனக்குத் தெரியாதா?

உன்னையே திட்டிக்கொள்வதை முதலில் நிறுத்து. செல்லம் கொடுத்து இதைச் சொல்லவில்லை. மைக்கேல் வோலும் அவருடைய சகாக்களும் 2010இல் கல்லூரி முதல் வருட மாணவர்களைக் கவனித்து எழுதினார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். திட்டினால் அந்த மெயிலோடு அவமானமும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், அதைத் தொட இன்னும் கூசும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அம்மாவின் கடிதம் போதாது. மருத்துவரைப் பார். பார்த்ததை என்னிடம் மறைக்காதே. நான் கவரை மறைத்ததை இப்போது உனக்குச் சொல்லிவிட்டேன், கணக்கு சரி.

ஞாயிறு காலை, உன் ஊர் நேரப்படி பத்து மணிக்கு அழைக்கிறேன். நீ என்னோடு பேச வேண்டியதில்லை. வீடியோவைப் போட்டு வைத்துவிட்டு முதல் மெயிலைத் திற. அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்க மாட்டேன். நான் இந்தப் பக்கம் மெஷினில் உட்கார்ந்திருப்பேன். அந்தத் தலையணை உறை இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.

அம்மா