‘சிட்டி ஆஃப் பாரிஸ்’ கப்பலின் ஷாஃப்ட் முறிந்த கதையையும் காட்சிக்கு வையுங்கள்

ஸ்காட்லாந்தின் கிளைட் நதிக்கரையில் கட்டப்பட்ட கப்பல்களைக் காட்சிப்படுத்தும் அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கு,

வணக்கம். கிளைட்பேங்கில் ஜே அண்ட் ஜி தாம்சன் நிறுவனம் கட்டிய ‘சிட்டி ஆஃப் பாரிஸ்’ என்ற பயணிகள் நீராவிக் கப்பல் 1889 மே மாதம் அயர்லாந்தின் குவீன்ஸ்டவுனிலிருந்து நியூயார்க் துறைமுக வாயிலான சாண்டி ஹூக்கை 5 நாள் 23 மணி 7 நிமிடத்தில் அடைந்தது. மேற்கு நோக்கி ஆறு நாளுக்குள் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் கப்பல் அதுதான். வேகப் பட்டியல்கள் இதைச் சொல்லும். 1890 மார்ச் 25 அன்று அதன் எஞ்சின் ஒன்று நொறுங்கியதை ஒரு வரியில் முடித்துவிடும். அந்த நாளுக்குத்தான் ஒரு தனி அறை கேட்கிறோம்.

இரட்டை ப்ரொபெல்லர் வைத்ததே ஒன்று பழுதானால் மற்றது கப்பலைக் கரை சேர்க்கும் என்ற நம்பிக்கையில்தான். அதற்காகவே இரண்டு எஞ்சின் அறைகளுக்கும் நடுவே நெடுக ஒரு தடுப்புச்சுவர் எழுப்பினார்கள். கப்பலுக்கு வெளியே ப்ரொபெல்லரைத் தாங்கும் பேரிங் தேய்ந்தபோது வலப்பக்க ஷாஃப்ட், அதாவது எஞ்சினின் சுழற்சியை ப்ரொபெல்லருக்குக் கொண்டுபோகும் எஃகுத் தண்டு, கீழே தொய்ந்தது. தொய்ந்த ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் இப்படியும் அப்படியும் வளைகிறது; ஒரே இடத்தில் ஓயாமல் வளையும் எஃகில் விரிசல் விழும். கடைசியில் ஷாஃப்ட் முறிந்தது. தண்ணீரைத் தள்ளும் பாரம் சட்டென்று இல்லாமல் போகவே, நீராவி முழு அழுத்தத்தில் இருந்த எஞ்சின் கட்டுக்கடங்காமல் சுழன்று தன்னையே நொறுக்கிக்கொண்டது. அதில் நீராவி கடைசியாக விரியும் குறைந்த அழுத்தச் சிலிண்டரின் விட்டம் 113 அங்குலம், அதாவது ஒன்பதடிக்கு மேல். அந்த அளவுள்ள எஞ்சினின் துண்டுகள் நடுச்சுவரையும் உடைத்ததால், பழுதில்லாத இடப்பக்க எஞ்சின் அறையிலும் கடல்நீர் ஏறியது. முன்னும் பின்னும் இருந்த குறுக்குச் சுவர்கள் தாங்கியதால்தான் கப்பல் மிதந்தது. ‘ஆல்டர்ஸ்கேட்’ என்ற கப்பல் அதைக் குவீன்ஸ்டவுனுக்கு இழுத்து வந்தது.

இதைக் காட்டப் பெரிய செலவு வேண்டாம். தரையில் 113 அங்குல வட்டம் ஒன்று வரையுங்கள். ஒருவர் உள்ளே நின்று பார்த்தாலே போதும். பக்கத்தில் பேரிங் ஒன்றைக் குறுக்காக வெட்டிவைத்து, புதியதில் ஷாஃப்ட் எங்கே நிற்கும், தேய்ந்தபின் எங்கே இறங்கும் என்று இரண்டு கோடுகளால் காட்டுங்கள். நடுச்சுவர் உடைந்த விதத்துக்கு ஒரு வரைபடம் அவசியம். எஞ்சின் இரண்டாக இருந்தும் கப்பல் ஏன் இழுவையில் வந்தது என்பது அதில்தான் விளங்கும்.

பழுது நீக்கிய பிறகு, 1892 அக்டோபரில் இதே கப்பல் அட்லாண்டிக்கை மேற்கு நோக்கி 5 நாள் 14 மணி 24 நிமிடத்தில் கடந்தது. சராசரி வேகம் 20.70 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்). சாதனை அட்டையை இந்த அறைக்குப் பிறகு மாட்டினால் அந்த எண்ணின் கனம் தெரியும்.

1899-இல் கார்ன்வால் கரையோர மேனக்கிள்ஸ் பாறைகளில் ஏறியதும், 1902-இல் மார்க்கோனி இதில் பயணம் செய்து நெடுந்தொலைவுக் கம்பியில்லாச் சமிக்ஞைகளைப் பெற்றதும் சுருக்கமாக இருந்தால் போதும். மாதிரிக் கப்பல் செய்யும்போது மட்டும் கவனம்: மூன்று புகைபோக்கிகள் பழைய உருவத்துக்கே உரியவை. எஞ்சின்கள் மாற்றப்பட்டு 1901-இல் ‘பிலடெல்பியா’ என்ற பெயரோடு திரும்பிய கப்பலுக்கு இரண்டுதான்.

இப்படிக்கு,
நீராவிக் கப்பல் எஞ்சின்களைப் படித்துவரும் வாசகர் குழு