கிலாவேயா எரிமலைச் செய்திகளில் விடுபடும் இரண்டு அளவுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹவாய்த் தீவின் கிலாவேயா எரிமலை பொங்கும்போதெல்லாம் தாங்கள் படத்துடன் செய்தி வெளியிட்டு வருவது மகிழ்ச்சி அளிக்கிறது. 2024 டிசம்பர் 23 அன்று தொடங்கி, நிற்பதும் மீண்டும் பொங்குவதுமாக முப்பது தடவைக்கு மேல் நிகழ்ந்துவிட்ட இந்த வெடிப்பை, அங்குள்ள எரிமலை ஆய்வகத்தின் நேரலைக் கேமராக்கள் வழியே தொடர்ந்து பார்த்து வருகிறேன். அச்செய்திகளின் முடிவில் தவறாமல் வரும் 'உலக வானிலை மாறுமா?' என்ற கேள்வியைப் பற்றியே இக்கடிதம்.

நெருப்பின் சீற்றத்தை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. எரிமலை எவ்வளவு கந்தக டை ஆக்சைடை உமிழ்கிறது, அது எவ்வளவு உயரம் செல்கிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். மழை மேகங்களுக்கு மேலுள்ள ஸ்ட்ராட்டோஸ்பியரை எட்டிவிட்டால், அந்த வாயு கந்தக அமிலத் திவலைகளாகி, கழுவிச் செல்ல மழையில்லாத அந்த வெளியில் ஓரிரு ஆண்டுகள் தங்கிச் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும். 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்தபோது புகை சுமார் 35 கிலோமீட்டர் எழுந்தது; கந்தக டை ஆக்சைடு ஒன்றரைக் கோடி டன்னுக்குக் குறையாது. மறு ஆண்டில் உலகின் சராசரி வெப்பம் ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் தணிந்தது.

கிலாவேயாவின் எரிகுழம்பு ஊற்று 300 மீட்டரைத் தாண்டியும் எழுந்திருக்கிறது. அந்தப் படங்களைக் கண்டு வியக்காதவர் இருக்க முடியாது. ஆனால் அதன் புகை சில கிலோமீட்டர்களிலேயே பரவிவிடுகிறது. வெப்பமண்டலப் பகுதியில் ஸ்ட்ராட்டோஸ்பியரோ 16 கிலோமீட்டருக்கு மேல்தான் தொடங்குகிறது. ஆகவே உலகைக் குளிர்விக்கும் வலிமை இந்த வெடிப்புக்கு இல்லை என்றே கருதுகிறேன்.

அதனால் பாதிப்பே இல்லை என்று பொருளல்ல. அத்தீவு மக்கள் 'வாக்' என்றழைக்கும் எரிமலைப் புகைமூட்டத்தை வடகிழக்கு வணிகக்காற்று தெற்கு முனையைச் சுற்றிக் காப்பி விளையும் கோனா சரிவுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அக்காற்று ஓயும் நாட்களில் அதே புகை கிழக்குக் கரை ஊர்களின் மீது திரும்புகிறது. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்துப் பயன்படுத்தும் வீடுகள் அங்கு ஏராளம். அந்தத் தொட்டிகளில் அமில மழையும், 'பெலேயின் கூந்தல்' எனப்படும் மெல்லிய கண்ணாடி இழைகளும் விழுகின்றன. உலக வானிலையைப் பற்றிய ஊகத்தைவிட, ஆஸ்துமா நோயாளிகளும் குழந்தைகளும் அன்றாடம் சுவாசிக்கும் இந்தக் காற்றல்லவா செய்தி?

மெதுவாகப் பொங்கும் எரிமலை என்றாலே அஞ்ச வேண்டியதில்லை என்றும் நான் சொல்லவில்லை. 1783இல் ஐஸ்லாந்தின் லாக்கிப் பிளவு எட்டு மாதங்கள் கொட்டிய வாயு சுமார் 12 கோடி டன். ஐரோப்பா முழுவதும் புகை மூட்டம் படர்ந்தது. ஐஸ்லாந்தில் கால்நடைகள் மடிந்து, அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர்.

ஆகவே இனிவரும் செய்திகளில் ஊற்றின் உயரத்தோடு, புகை எழுந்த உயரத்தையும் அன்று வெளியான கந்தக டை ஆக்சைடின் அளவையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஹவாய் ஆய்வகத்தின் அறிக்கைகளில் அவ்விரண்டும் கிடைக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்